சிவமயம் போட்டு அனுப்பவும்

லண்டனில் மிச்சம் என்கிற எங்கள் பகுதியில் கலியாண வயதில் பிள்ளை வைத்திருக்கிற தமிழர்கள் ஒருநாளாவது தவநாயகியின் வாசல் மணியை அடித்திருப்பார்கள். காலையில் அவளுக்கு ஒரு மூலைக்கடைக்குள் இருக்கிற சின்னத் தபால் கந்தோரின் கவுண்டரில் வேலை. பின்னேரம் வீட்டுக்கு வந்து, ஒரு தேத்தண்ணி குடித்து, முன்னறையில் கொம்பியூட்டரைப் போட்டாளென்றால் அதற்குப் பிறகு அவள் கலியாணம் பேசுகிறவள். புருஷன் குகநாதன் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் செய்கிறவர், வாயில்லாப் பூச்சி. வீட்டில் இரண்டு பேருக்குமான கதையையும் தவமே கதைத்து முடித்துவிடுவாள்.

நான் டொலறஸ். குறொய்டனில் இங்கிலிஷ் வகுப்பில் அவளும் நானும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்தோம், அன்றைக்குத் தொடங்கிய சிநேகிதம். அவள் சைவம், நான் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள். அவளுடைய நவராத்திரிக்கு நான் போவேன். என்னுடைய நத்தாருக்கு அவள் வந்து, கேக்கில் றம் கூடிப்போச்சு என்று குறை சொல்லிக்கொண்டே இரண்டு துண்டு சாப்பிடுவாள். அவளிடம் எனக்குப் பிடிக்காத குணம் என்றால் அவசரம். பிடித்த குணமும் அதுதான்.

நான் சொல்ல வந்தது 2006ஆம் ஆண்டு நடந்தது. தவத்தின் மருமகன் ஒருவன் ரொறன்ரோவுக்குப் போக முதல் அவளுக்கு ஒரு இணையத்தளம் செய்து, அதன் பெயரிலேயே ஒரு ஈமெயிலும் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அந்த ஈமெயில் அவளுடைய கொம்பியூட்டருக்குள்தான் இருக்கிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அது உண்மையில் அமெரிக்காவில் ஒரு கம்பெனியின் இயந்திரத்தில் வாடகைக்கு இருந்தது. உலகத்து ஈமெயிலெல்லாம் அங்கே போய் விழும். இவள் இங்கே ஒரு பொத்தானை அமத்தினால் அங்கிருந்து இறங்கி மிச்சத்துக்கு வரும்.

நோர்வே, டென்மார்க், சுவிஸ் என்று எங்கள் சனம் சிதறிக் கிடக்கிற இடமெல்லாம் இருந்து சாதகங்கள் இப்படித்தான் அவளுக்கு வந்தன. தபாலில் கிழமைக்கணக்கில் வந்தது இப்போது தேத்தண்ணி ஆறுவதற்குள் வந்தது. அவளுக்கும் பெருமை பிடிபடவில்லை. ஆனால் இணையத்தளத்தில் ஈமெயில் முகவரி ஊரறியக் கிடந்ததால், சாதகத்தோடு குப்பையும் வரத் தொடங்கியது. தங்க மணிக்கூடு விற்கிறவன், மெலியப் பண்ணுகிறவன், செத்துப்போன மந்திரியின் சொத்தை இவளுடைய வங்கியில் போட விரும்புகிற விதவை, எல்லாரும் வந்தார்கள். ஒரு சாதகத்தைத் தேட நூறு குப்பையைக் கிளற வேண்டும்.

அவள் பொறுமை இழந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தோர்ண்டன் ஹீத்திலிருந்து கிருஷ்ணராசா அண்ணை வந்திருந்தார். அவருடைய மகள் மாலினிக்கு எட்டாமிடத்தில் செவ்வாய். படித்த பிள்ளை, கணக்காளர் வேலை, குணமும் தங்கம், ஆனால் அதே தோஷத்தோடு ஒரு மாப்பிள்ளை அகப்படாமல் நாலைந்து வருஷமாக இழுபட்டது. தவம் அவரைப் பக்கத்துக் கதிரையில் இருத்தி, புதிதாக வந்த சாதகத்தைக் காட்டுகிறேன் என்று ஒரு ஈமெயிலைத் திறந்தாள். திரை நிறைய ஆம்பிளைகளுக்கான மருந்து விளம்பரம், படத்தோடு. அண்ணை அப்படியே முகட்டை அண்ணாந்து பார்த்து, இந்த வீட்டுக்கு எப்ப பெயின்ற் அடிச்சது என்று கேட்டார். நான் குசினிக்குள் ஓடிப்போய்ச் சிரித்தேன். தவத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் போனதும் அமெரிக்கக் கம்பெனியின் பக்கத்துக்குள் புகுந்து, குப்பை பிடிக்கிற வடி ஒன்று அங்கே இருப்பதைக் கண்டுபிடித்தாள். மூடிக் கிடந்ததைத் திறந்தாள். எவ்வளவு கடுமை வேண்டும் என்று அது கேட்டது. பத்து என்றால் இளக்கம், ஐந்து என்றால் நடுத்தரம், ஒன்று என்றால் ஆகக் கடுமை. எங்கள் ஆள் ஒன்றைப் போட்டாள். அடுத்த நாள் பெட்டி துடைத்துவிட்டமாதிரி இருந்தது. மணிக்கூடும் இல்லை, மருந்தும் இல்லை, மந்திரியின் விதவையும் இல்லை. ரெலிபோன் எடுத்து, அமெரிக்காக்காரனை நான் அடக்கிப்போட்டன் என்று எனக்குச் சொன்னாள்.

பிழை என்னவென்றால், அவள் அதைச் செய்தது ஆனி மாதக் கடைசியில். இரண்டு மூன்று நாளில் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் எங்கள் சனம் கலியாணம் பேசாது, சாதகத்தை வெளியில் எடுக்காது. ஆகவே ஒரு சாதகமும் வராமல் மாதம் முழுவதும் பெட்டி வெறுமையாகக் கிடந்ததை அவள் ஆடியின் கணக்கில் போட்டுவிட்டாள். வேறு எந்த நாட்டுக்காரியாக இருந்தாலும் இரண்டாம் நாளே சந்தேகப்பட்டிருப்பாள். இவள் நிம்மதியாகக் கோயில் கஞ்சி குடித்துக்கொண்டு திரிந்தாள்.

ஆவணி முதல் சனிக்கிழமை தோர்ண்டன் ஹீத்தில் ஒரு பெட்டை பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு. மண்டபம் நிறையச் சனம். நாங்கள் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கிற நேரம், கிருஷ்ணராசா அண்ணையின் மனிசி ருக்குமணி அக்கா விறுவிறு என்று வந்தா. டென்மார்க்கிலிருந்து வந்த ஒரு பெண் அவவுக்கு ஒரு கதை சொல்லியிருக்கிறா. அங்கே ஹேர்னிங் பக்கத்தில் ஒரு பொடியன், எஞ்சினியர், அவனுக்கும் எட்டில் செவ்வாய். ஆடி பிறக்க முதல் பேச்சைத் தொடங்கினால் நல்லது என்று அவனுடைய தாய் மிச்சத்துத் தரகருக்குச் சாதகம் அனுப்பி, ஒரு மறுமொழியும் வராததால் மனம் நொந்து இருக்கிறாவாம். யார் எவர் என்று அந்தப் பெண்ணுக்கும் சரியாகத் தெரியாது. மாப்பிள்ளை வீட்டார் இரண்டாம் தரம் அனுப்புவார்களா? எங்கள் சனத்தில் அது நடக்காத காரியம்.

ருக்குமணி அக்கா குரலைக் கொஞ்சமும் தணிக்கவில்லை.

"என்ர பிள்ளைக்கு ஏத்த சாதகம் உம்மட கைக்கு வந்தது, தவநாயகி. நீர் அதை அமுக்கிப்போட்டு வேற ஆருக்கோ குடுத்திட்டீர். உம்மை நம்பி இத்தனை வருஷம் இருந்தம்."

வரிசையில் நின்ற சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தவம் அப்படி ஒன்றும் வரவில்லை என்று சொன்னாள். யாரும் நம்பவில்லை என்பது முகங்களிலேயே தெரிந்தது. கலியாணம் பேசுகிறவளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், வாய் நீளம் என்று சொல்லலாம், மூக்கை நுழைக்கிறாள் என்று சொல்லலாம். சாதகத்தை அமுக்கினாள் என்று சொன்னால் அதோடு சரி, ஒரு வீட்டிலும் பிறகு அவளுக்குக் கதிரை போடமாட்டார்கள். சாப்பிடாமலே வெளியேறினோம். மிச்சம் வரும்வரை பஸ்ஸில் தவம் ஒரு சொல் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் கண்டது அன்று மட்டும்தான், எனக்குப் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நான் பூசைக்குப் போகாமல் அவளுடைய வீட்டுக்குப் போனேன். மாதா மன்னிப்பா என்று எனக்குத் தெரியும். தவம் தலை இழுக்காமல், கலைந்த மயிரோடு கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தாள். ஆவணி பிறந்தும் ஒரு சாதகம் வரவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்திருந்தது. வடியைத் திறந்த நாளில் இருந்தே ஒன்றும் வரவில்லை. வடி அவற்றைத் தின்றுவிட்டதா, எங்கேயாவது துப்பியதா என்று தெரியவில்லை.

அமெரிக்கக் கம்பெனிக்கு ரெலிபோன் எடுத்தாள். வெகுநேரம் பாட்டுப் போட்டார்கள். பிறகு ஒரு மனிதர் வந்தார், நல்ல பொறுமைசாலி. வடி எதையும் தின்னாது, குப்பை என்று நினைத்ததை அங்கேயே ஒரு தனிப் பெட்டியில் போட்டு வைக்கும், அந்தப் பெட்டி உங்கள் கொம்பியூட்டருக்கு இறங்காது, எங்கள் பக்கத்துக்குள் வந்துதான் பார்க்க வேண்டும் என்றார். தவம் மூச்சை விட்டாள். ஆனால், என்றார் அவர், ஆறு கிழமை கடந்ததை இயந்திரம் தானாக அழித்துவிடும். தவம் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஆனிக் கடைசியில் வந்த ஈமெயில்களுக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது.

அவர் சொன்ன வழியில் போய்ப் பெட்டியைத் திறந்தோம். ஐயோ, அந்தப் பெட்டி. பக்கம் பக்கமாக மணிக்கூடும் மருந்தும். நடுவில், தலைப்பு இல்லாமல், பெயர் இல்லாமல், யாரென்று தெரியாத முகவரிகளில் இருந்து வந்த ஈமெயில்கள். ஒவ்வொன்றாகத் திறந்தாள். சாதகம். இன்னொன்று, சாதகம். கட்டம் கீறிய தாளைப் படம் எடுத்து, அதற்கு மேலே கீழே ஒரு எழுத்தும் இல்லாமல் அனுப்பியிருந்தார்கள். கடைசிப் பக்கத்துக்குக் கிட்ட ஒன்று, dk என்று டென்மார்க் அடையாளத்தில் முடிகிற முகவரி. திறந்தாள். கட்டத்தில் எட்டாம் வீட்டை விரலால் எண்ணிப் போய்த் தொட்டாள். செவ்வாய் அங்கே இருந்தது.

தவம் அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, மாதாவே என்று வாய்விட்டுச் சொன்னேன். குகநாதன் அறை வாசலில் வந்து நின்று, என்ன, அகப்பட்டுதோ என்று கேட்டார். அந்த வருஷம் அவர் கதைத்ததில் அதுதான் நீளமான வசனமாக இருக்கும்.

அழுது முடித்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. இதை ஏன் குப்பையில் போட்டாய் என்று ரெலிபோனில் இருந்தவரைக் கேட்டாள், ஏதோ அவர்தான் போட்டமாதிரி. அவர் விளக்கினார். இயந்திரம் ஒவ்வொரு ஈமெயிலுக்கும் புள்ளி போடுமாம். தலைப்பு இல்லையா, அதற்கு ஒரு புள்ளி. எழுதினவரின் பெயர் இல்லையா, ஒரு புள்ளி. எழுத்தே இல்லாமல் படம் மட்டுமா, அதற்குக் கூடப் புள்ளி, ஏனென்றால் அந்த வருஷம் கள்ளர்கள் எல்லாரும் விளம்பரத்தைப் படமாகத்தான் அனுப்பினார்களாம். முகவரியில் அர்த்தமில்லாத எழுத்தும் இலக்கமுமா, அதற்கும் புள்ளி. கூட்டிப் பார்த்து, வைத்த எல்லையைத் தாண்டினால் குப்பைப் பெட்டி. இந்த டென்மார்க் சாதகம் ஒன்று என்ற எல்லையை மட்டுமல்ல, நடுத்தரமான ஐந்தையும் தாண்டியிருந்தது.

தவம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பொருத்தம் பார்க்கிறதும் உதுதானே டொலறஸ் என்றாள். புள்ளி புள்ளியாகக் கூட்டி, இது சேரும், இது சேராது. அவளுக்கு அந்த இயந்திரத்தின் மேல் கோபம் போய்விட்டது, ஒரு தொழில்காரி இன்னொரு தொழில்காரரைப் பார்க்கிற மரியாதை வந்துவிட்டது. அந்த மனிதருக்கு நன்றி சொல்லி, அவருக்குக் கலியாணம் ஆகிவிட்டதா என்றும் கேட்டுத்தான் ரெலிபோனை வைத்தாள்.

அன்று பின்னேரமே கிருஷ்ணராசா அண்ணையையும் ருக்குமணி அக்காவையும் வரச்சொன்னாள். அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தா. தவம் தேத்தண்ணி கூடக் கொடுக்காமல் நேரே கொம்பியூட்டருக்கு முன்னால் இருத்தி, அந்தப் பெட்டியைக் காட்டினாள். மருந்துப் படங்கள் வந்தபோது அண்ணை மறுபடியும் முகட்டைப் பார்த்தார். பிறகு டென்மார்க் சாதகம் வந்தது, ஆனிக் கடைசித் திகதியோடு, குப்பை என்று இயந்திரம் போட்ட புள்ளியோடு. அக்காவுக்கு அது விளங்கியது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை. உம்மட பெட்டிக்குள்ள தானே ஒளிஞ்சு கிடந்தது என்றா.

"நான் ஒளிக்கேல்லை அக்கா. நீங்கள் எல்லாருந்தான் ஒளிச்சு ஒளிச்சு அனுப்புறியள்."

அதை அவள் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் அது சரியான அடி. பிள்ளைக்கு இன்னும் சரிவரவில்லை என்று வெளியில் தெரியக்கூடாது என்பதற்காகப் பெயர் போடமாட்டோம். ஊர் போடமாட்டோம். சாதகம் அனுப்புவதற்கென்றே யாருக்கும் தெரியாத ஒரு முகவரியை எடுத்து, அனுப்பி முடித்ததும் அதை மறந்துவிடுவோம். உலகத்தில் பெயரை மறைத்துப் படம் மட்டும் அனுப்புகிறவர்கள் இரண்டே கூட்டம். ஒன்று அந்தக் கள்ளர் கூட்டம், மற்றது நாங்கள். இயந்திரம் பாவம், அதற்கு என்ன தெரியும்?

மாலினியின் சாதகத்தையும் ருக்குமணி அக்கா போன வருஷம் அப்படித்தான் அனுப்பியிருந்தா. அதை யாரும் சொல்லத் தேவை இருக்கவில்லை. கடைசியில், இப்ப என்ன செய்யிறது பிள்ளை என்று கேட்டா. தவத்தைக் கூப்பிடுவதில் நீர் போய்ப் பிள்ளை வந்துவிட்டது.

டென்மார்க்குக்கு மறுமொழி எழுத வேண்டும். தவம் எழுத இருந்தாள். அவள் கடிதம் எழுதுகிற முறை ஒன்றுதான், சின்ன வயதில் பழகினது. கை தன்பாட்டில் முதல் வரியில், இங்கிலிஷ் எழுத்தில், சிவமயம் என்று அடித்தது. அடித்ததும் நின்றுவிட்டாள். அப்படியே நாற்காலியில் சாய்ந்து சிரிக்கத் தொடங்கினாள்.

"டொலறஸ், மணிக்கூடு விக்கிறவன் சிவமயம் போடுவானோ?"

எனக்கு விளங்க ஒரு நிமிஷம் எடுத்தது. பிறகு நானும் சிரித்தேன். அந்த வடிக்கு எங்கள் பங்குக்கு ஒரு விதி எழுதலாம் என்று அந்த அமெரிக்க மனிதர் சொல்லியிருந்தார். தலைப்பில் இன்ன சொல் இருந்தால், புள்ளி எவ்வளவு வந்தாலும் பரவாயில்லை, உள்ளே விடு என்று எழுதலாம். என்ன சொல் என்று அப்போது நாங்கள் யோசித்திருந்தோம். கலியாணம் என்று போட்டால் கலியாணத் தரகு என்று வருகிற குப்பையும் நுழையும். சாதகம் என்று போட்டால் நாளைக்குச் சாத்திரம் சொல்லிப் பிழைக்கிற கள்ளன் வருவான். சிவமயம் போட்டுக் கள்ளப் பொருள் விற்க ஒருவன் இன்னும் பிறக்கவில்லை.

கடுமையை ஒன்றில் இருந்து ஐந்துக்கு மாற்றினாள். சிவமயத்துக்கு விதி எழுதினாள். கிருஷ்ணராசா அண்ணையை அடுத்த அறைக்கு அனுப்பி, குகநாதனின் கொம்பியூட்டரில் இருந்து தலைப்பில் சிவமயம் போட்டு, எழுத்து ஒன்றும் இல்லாமல் மாலினியின் சாதகப் படத்தை மட்டும் அனுப்பச் சொன்னாள். பொத்தானை அமத்தினாள். வந்து விழுந்தது. நாங்கள் நாலு பேரும் திரையைச் சுற்றி நின்று, ஏதோ பிள்ளை பிறந்தமாதிரிச் சந்தோஷப்பட்டோம். அதற்குப் பிறகுதான் தேத்தண்ணி வந்தது.

டென்மார்க்குக்குப் போன மறுமொழியில் தன் முழுப்பெயரையும் வீட்டு விலாசத்தையும் ரெலிபோன் நம்பரையும் போட்டிருந்தாள். பிந்தினதற்கு மன்னிப்பும் கேட்டிருந்தாள். மறக்கப்பட்ட முகவரியாக இருந்தால் எல்லாம் வீண். திங்கள் போனது, செவ்வாய் போனது. புதன் பின்னேரம் ரெலிபோன் அடித்தது. பொடியனின் தாய். முதலில் அரை மணித்தியாலம் ஏச்சு. தவம் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஏச்சு முடிந்ததும், இப்ப பெட்டையைப் பற்றிச் சொல்லுங்கோ என்று அந்தத் தாய் கேட்டா. அப்போது தவம் என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

அப்டன் பார்க்கில் சாத்திரியார் கல்யாணசுந்தரம் இரண்டு சாதகத்தையும் வைத்துப் பார்த்து, எண்பது வீதம், செவ்வாய்க்குச் செவ்வாய் சமன், கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம் என்றார். ரதீசன் என்று அந்தப் பொடியனுக்குப் பெயர். மாலினியோடு இரண்டு முறை ரெலிபோனில் கதைத்து, மூன்றாம் முறை விமானம் ஏறி வந்துவிட்டான். மாலினி அவனைப் பார்க்க முதல், சாதகம் குப்பைப் பெட்டியில் கிடந்த கதையைத் தவத்திடம் கேட்டு வயிறு நோகச் சிரித்தாளாம். நாலைந்து வருஷமாக அந்தப் பிள்ளை சிரித்து நான் காணவில்லை.

தையில் கலியாணம். அதே தோர்ண்டன் ஹீத் மண்டபம். தாலி கட்டி முடிந்து, சனம் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கிற நேரம், ருக்குமணி அக்கா பட்டுச் சேலை சரசரக்க வந்தா. தவத்தின் கையைப் பிடித்து வரிசைக்கு முன்னால் இழுத்துக்கொண்டு போனா. குரலை அன்றைக்கும் தணிக்கவில்லை.

"எல்லாரும் கேளுங்கோ. தவநாயகியில நான் பிழை சொன்னது இந்த இடத்திலதான். என்ர பிள்ளைக்கு இண்டைக்குத் தாலி ஏறினது இவளால. உங்கட பிள்ளையளின்ர சாதகம் கிடந்தா, பேரைப் போடுங்கோ, ஊரைப் போடுங்கோ, மேல சிவமயம் போட்டு இவளுக்கு அனுப்புங்கோ. அது துலையாது."

தவம் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அழுகிறாளோ என்று குனிந்து பார்த்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். அன்று இரண்டு தரம் பாயாசம் வாங்கிக் குடித்தாள், முதல் தடவை விட்டதற்கும் சேர்த்து.

வரிசையில் வைத்தே நான் அவளோடு ஒரு சண்டை பிடித்தேன். என் தம்பி பஸ்தியாம்பிள்ளைக்கும் பெண் பார்க்க வேண்டும், நாங்கள் எப்படிச் சிவமயம் போடுகிறது, மாதாவின் பிள்ளைகள் எல்லாம் குப்பைப் பெட்டிக்கோ என்று கேட்டேன். தவம் பாயாசக் கப்பைக் கீழே வைத்து, உங்கட ஆக்கள் கடிதத்துக்கு மேல என்ன போடுறவை என்று கேட்டாள். யேசு மரி சூசை என்றேன்.

அடுத்த நாள் பின்னேரம் அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் யாரோ இரண்டு தாய்மார் செருப்பைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். உள்ளே தவம் பொத்தானை அமத்தினாள். ஒன்றன் கீழ் ஒன்றாக ஈமெயில்கள் இறங்கின, சிவமயம், சிவமயம், சிவமயம் என்று திரை கொள்ளாமல். ஒரு மணிக்கூடு இல்லை, ஒரு மருந்து இல்லை. ஒவ்வொன்றிலும் பெயர் இருந்தது, ஊர் இருந்தது. அத்தனைக்கும் நடுவில் யேசு மரி சூசை என்று ஒன்று வந்து இருந்தது. அது நான் காலையில் அனுப்பினது. அடியில் என் முழுப்பெயரும் போட்டிருந்தேன்.